ஸ்டென்ட் வைத்து வீட்டுக்கு வந்தாயிற்று. சந்தை வியாபாரத்தோடு பழக்கங்களை எப்படி மாற்றுவது?

ஈரோடு பெட்ஷீட் கடைக்காரர்:

வணக்கம். எனக்கு 46 வயது. ஈரோட்டில் பெட்ஷீட், துண்டு மொத்த வியாபாரம். தை மாதக் கடைசியில் ஒரு திங்கட்கிழமை ராத்திரி, சந்தைக்குச் சரக்கு இறக்கிக்கொண்டிருந்தபோது நெஞ்சின் நடுவில் ஒரு பாரம் வந்து உட்கார்ந்தது. வலி என்றுகூடச் சொல்ல முடியாது, அழுத்தம். இடது தாடை வரை இழுத்தது. சட்டை முழுக்க நனைந்துவிட்டது. பக்கத்துக் கடைக்காரர் வாயுவாக இருக்கும் என்று சோடா வாங்க ஆள் அனுப்பினார். என் அக்கா மகன் அதற்கெல்லாம் காத்திருக்காமல் காரில் ஏற்றிவிட்டான். ஈ.சி.ஜி. எடுத்த கையோடு ஆஞ்சியோ. முன்பக்க ரத்தக்குழாயில் பெரிய அடைப்பு. மணிக்கட்டு வழியாகவே போய், குழாயைத் திறந்து வைக்க ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். அந்தப் பையனுக்கு நான் காலத்துக்கும் கடமைப்பட்டிருக்கிறேன்.

மாத்திரையில் குழப்பம் இல்லை. ஆஸ்பிரின், டிகாகிரிலார், அட்டோர்வாஸ்டாட்டின், மெட்டோப்ரோலால், ராமிப்ரில் எல்லாவற்றையும் வேளைவாரியாகப் பிரித்து டப்பாவில் போட்டு மகள்தான் எடுத்துக் கொடுக்கிறாள். மூன்று மாத சர்க்கரை சராசரி 6.3. சர்க்கரை நோய் இன்னும் வரவில்லை, ஆனால் கிட்டத்தில் இருக்கிறது என்றார் டாக்டர். கெட்ட கொழுப்பு 162. டிஸ்சார்ஜ் பேப்பரில் உப்பு குறைக்க வேண்டும், எண்ணெய் குறைக்க வேண்டும், புகை கூடாது, தினமும் 30 நிமிடம் நடக்க வேண்டும் என்று நாலு வரி இருக்கிறது. அந்த நாலு வரியை என் பிழைப்புக்குள் எப்படிக் கொண்டுவருவது என்று கேட்கத்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் சந்தை திங்கள் ராத்திரி ஆரம்பித்து செவ்வாய் முழுக்க நடக்கும். கேரளா, கர்நாடகா, ஆந்திரா பார்ட்டிகள் வருவார்கள். வந்தவருக்கு டீ சொல்லாமல் விலை பேசுவது வழக்கமில்லை. அவர் குடிக்கும்போது நாமும் ஒரு கிளாஸ் எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரு சந்தை ராத்திரியில் எட்டு டீக்குக் குறையாது, நடுராத்திரியில் பரோட்டா சால்னா. டீயோடு சிகரெட்டும் இருந்தது. ஐ.சி.யூ.வில் படுத்ததிலிருந்து அதைத் தொடவில்லை. ஆனாலும் எதிரில் இருப்பவர் பற்றவைத்தால் என் கை சட்டைப் பையைத் தடவுகிறது.

வீட்டில் இன்னொரு கஷ்டம். மனைவி மிகவும் பயந்துபோய்விட்டாள். எனக்கென்று தனிச் சமையல், உப்பும் இல்லை, தாளிப்பும் இல்லை. பிள்ளைகள் அரிசியும் பருப்பும் சாதத்தில் நெய் விட்டுச் சாப்பிட, நான் பக்கத்தில் உட்கார்ந்து வெந்த காய் சாப்பிடுகிறேன். எனக்கு இறங்கவில்லை என்று தெரிந்தால் அவள் கண் கலங்கிவிடுகிறது, அதனால் விழுங்கிவிடுகிறேன். சொந்தக்காரர்கள் வேறு ஆளுக்கொரு பாட்டில் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். இஞ்சி, பூண்டு, எலுமிச்சைச் சாறு, ஆப்பிள் சிடர் வினிகர் எல்லாம் காய்ச்சித் தேன் கலந்தது. அடைப்பு கரைந்துவிடுமாம்.

எல்லாவற்றையும்விட நடப்பதற்குத்தான் பயமாக இருக்கிறது. வ.உ.சி. பூங்காவுக்குப் போனால் ஒரு சுற்று முடிப்பதற்குள் காது முழுக்க நெஞ்சின் மேலேயே இருக்கிறது. மூச்சு லேசாக வாங்கினாலும் உட்கார்ந்துவிடுகிறேன். இதைக் கடந்து வந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

மதுரை ஓட்டுநர் (ஓய்வு):

தம்பி, எனக்கு 2015இல் பைபாஸ். அரசுப் பேருந்து ஓட்டுநராக இருந்தேன். இப்போது ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் தினமும் காலையில் நடக்கிறேன், அதனால் நடையைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

அந்தப் பயம் எல்லாருக்கும் வரும். ஆஸ்பத்திரியில் ஒருவரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. எனக்கு ராத்திரி படுத்தால் காதுக்குள் துடிப்பு கேட்கும், ஏப்பம் வந்தாலும் அடுத்த அட்டாக்தான் என்று எழுந்து உட்கார்ந்துவிடுவேன். பஸ் சத்தத்தைக் கேட்டாலே உடம்பு நடுங்கிய காலம் அது. டாக்டரிடம் சொன்ன பிறகு அவர் டிரெட்மில் டெஸ்ட் எடுத்தார். மெஷினில் நடக்கவிட்டு, பக்கத்தில் ஆள் நிற்க, ஈ.சி.ஜி. ஓடிக்கொண்டே இருக்கும். அதில் நான் வேர்த்து விறுவிறுத்து நடந்தும் ஒன்றும் ஆகவில்லை என்று கண்ணால் பார்த்தேன். பயம் பாதி குறைந்தது அந்த அறையில்தான். உங்கள் டாக்டரிடம் இதை எப்போது எடுக்கலாம் என்று கேளுங்கள். அவர் சொல்லும் நேரத்தில்தான் எடுக்க வேண்டும், அவசரப்படக் கூடாது.

அதுவரைக்கும் 30 நிமிடத்தை மறந்துவிடுங்கள். உங்கள் தெருவிலேயே, சமதரையில், பத்து நிமிடம் காலை, பத்து நிமிடம் மாலை. முதல் சில நிமிடம் ஊர்ந்து நடங்கள், கடைசி சில நிமிடமும் அப்படித்தான். திடீரென்று வேகமெடுப்பதும் திடீரென்று நிற்பதும் வேண்டாம். வாரத்துக்குக் கொஞ்சம் கூட்டுங்கள். சாப்பிட்ட உடனே நடக்காதீர்கள். சித்திரை, வைகாசியில் ஈரோட்டு வெயில் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், அந்த ரூட்டில் ஓட்டியிருக்கிறேன். ஏழு மணிக்குள் வீடு திரும்பிவிடுங்கள்.

இன்னொன்று, தனியாகப் போகாதீர்கள். தனியாகப் போனால் நெஞ்சைத்தான் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். அந்த அக்கா மகனையோ வேறு யாரையோ கூட்டிக்கொண்டு பேசிக்கொண்டே நடங்கள். எங்கள் மைதானத்தில் நாங்கள் ஒரு கூட்டமாகத்தான் போவோம், ஒருவர் வரவில்லை என்றால் போன் போட்டுவிடுவோம். நடந்து முடித்ததும் வெளியே அருகம்புல் ஜூஸ், முளைகட்டிய பயறு எல்லாம் விற்பார்கள், அதுவரை சரி. அதற்கு அடுத்த கடையில் சுடச்சுட வடை போடுவார்கள். அந்தப் பக்கம் போகிற கூட்டத்தோடு சேராதீர்கள்.

சேலம் தறிக்காரர் வீட்டம்மா:

அண்ணா, உங்கள் வீட்டு அண்ணி செய்வதைத்தான் நானும் முதலில் செய்தேன். எங்கள் வீட்டுக்காரருக்கு விசைத்தறி, ராத்திரி ஷிப்ட் உண்டு. அவருக்கும் ஸ்டென்ட்தான். எதைத் தொட்டாலும் அவருக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று தோன்றும், அதனால் எல்லாவற்றையும் நிறுத்திவிடுவோம். அண்ணியைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். ஆனால் தனிச் சமையல் நிற்க வேண்டும். உப்பே இல்லாத சாப்பாட்டை ஒரு மனிதர் எத்தனை நாளைக்குச் சாப்பிடுவார்? ஒருநாள் வெளியே போய்ப் பரோட்டாவில் தீர்த்துக்கொள்வார்.

எங்களுக்கு டயட்டீஷியன் சொல்லிக்கொடுத்தது மாதக் கணக்கு. ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராம் உப்புக்கு மேல் வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்காம். வீட்டில் நாலு பேர் என்றால் நாளைக்கு 20 கிராம், மாதத்துக்கு 600 கிராம். ஒரு கிலோ பாக்கெட்டை வாங்கி 600 கிராமை ஒரு ஜாடியில் போட்டு, மீதியை மேல் தட்டில் வைத்துவிட்டேன். அந்த ஜாடி மாதக் கடைசி வரை வர வேண்டும். கையால் அள்ளிப் போடுவதை விட்டு ஸ்பூனுக்கு மாறினேன். முதல் மாதம் இருபதாம் தேதிக்கு முன்பே ஜாடி காலி. எவ்வளவு போட்டுக்கொண்டிருந்தோம் என்பது அப்போதுதான் வீட்டில் எல்லாருக்கும் தெரிந்தது. எண்ணெயும் அப்படித்தான், தலைக்கு மாதம் அரை லிட்டர், நாலு பேருக்கு இரண்டு லிட்டர். தாளிக்கலாம், வதக்கலாம். பொரிப்பதற்கு எண்ணெய் மிஞ்சாது, அவ்வளவுதான்.

இதில் ஊறுகாய், அப்பளம், வடகம், கருவாடு, கடையில் வாங்கும் மிக்சர் எதுவும் சேரவில்லை. அவற்றில் இருக்கிற உப்பு ஜாடிக் கணக்கில் வராது. எங்கள் வீட்டில் ஊறுகாய் ஜாடியை மேசையிலிருந்து எடுத்ததற்குப் பெரிய சண்டையே நடந்தது. அதற்குப் பதில் பச்சைப்புளி ரசம் வைக்கிறேன், சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் கொத்தமல்லியும் சேர்த்துப் பிசைந்தால் உப்பு பாதி இருந்தாலே போதும். கொள்ளு ரசத்துக்கு மிளகு கூடப் போடுங்கள். எலுமிச்சையைக் கடைசியில் பிழியுங்கள். சில வாரத்தில் நாக்கு பழகிவிடும். இப்போது நாங்கள் கல்யாண வீட்டில் சாப்பிட்டால் உப்பு கரிக்கிறது. பிள்ளைகளுக்கும் இதே சாப்பாடுதான். அப்பாவுக்கு 46இல் வந்திருக்கிறது என்றால் அவர்களுக்கும் இது வேண்டியதுதானே?

அரிசியும் பருப்பும் சாதத்தை விடவே வேண்டாம். அரிசியைப் பாதியாக்கிப் பருப்பைக் கூட்டுங்கள். முதலில் ஒரு கிண்ணம் பொரியல் சாப்பிட்டுவிட்டு அப்புறம் சாதத்துக்கு வந்தால் தானாகவே குறையும். சர்க்கரைக்கு நல்லது என்று ராகிக் களியும் தினையும் அளவில்லாமல் சாப்பிடுகிறார்கள். அதிலும் மாவுச்சத்துதான் இருக்கிறது, அளவு முக்கியம்.

சந்தை ராத்திரிக்கு வருகிறேன். எட்டு மணிக்கு வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். ஒரு டிபன் டப்பாவில் பச்சைப்பயறு சுண்டலோ வேகவைத்த கடலையோ, ஒரு கொய்யாப்பழமும் கொடுத்துவிடச் சொல்லுங்கள். பரோட்டா நேரம் ஒரு மணிக்கு வரும், அதற்கு முன்னால் பன்னிரண்டரைக்கே டப்பாவைத் திறந்துவிடுங்கள். பசி எடுத்த பிறகு டப்பா தோற்றுவிடும். எங்கள் வீட்டுக்காரருக்கு இந்த அரை மணி நேரம்தான் பெரிய வித்தியாசம் செய்தது. டீக்கு, கடையில் ஒரு பிளாஸ்கில் கருப்பட்டி போடாத சுக்கு மல்லித் தண்ணீர் வையுங்கள். பார்ட்டிக்கு டீ வரட்டும், உங்கள் கிளாஸில் இது இருக்கட்டும். கையில் கிளாஸ் இருந்தால் யாரும் வற்புறுத்த மாட்டார்கள். எட்டு டீ, டீக்கு ஒன்றரை ஸ்பூன் என்றாலும் 60 கிராம் சர்க்கரை, யோசித்துப் பாருங்கள்.

பொள்ளாச்சி தோப்புக்காரர்:

அண்ணா, பாட்டிலை வீணாக்காதீங்க. எங்க பெரியப்பா அதோட மருதம்பட்டைக் கஷாயமும் குடிச்சு நல்லா இருக்கார். இங்கிலீஷ் மருந்து ஆறு மாசம் போதும், அப்புறம் மெதுவா குறைச்சுக்கலாம்னு எங்க ஊர்ல சொல்றாங்க.

கோவை ஸ்டாஃப் நர்ஸ் (இதயப் பிரிவு):

பொள்ளாச்சி அண்ணா அன்பினால் சொல்கிறார், ஆனால் இந்த இடத்தில் நான் கண்டிப்பாகப் பேசியே ஆக வேண்டும். ஸ்டென்ட் என்பது ரத்தக்குழாய்க்குள் வைத்த உலோக வலை. அதன்மேல் உடம்பின் தோல் போன்ற படலம் வளர்ந்து மூடும்வரை ரத்தம் அங்கே உறைந்துவிடப் பார்க்கும். அதைத் தடுக்கத்தான் ஆஸ்பிரினோடு டிகாகிரிலார். மாரடைப்புக்குப் பிறகு வைத்த ஸ்டென்ட்டுக்குப் பொதுவாக ஒரு வருடம் இரண்டும் சேர்ந்து ஓடும், அப்புறமும் ஒன்று தொடரும். எப்போது நிறுத்துவது என்று டாக்டர் மட்டும்தான் சொல்ல வேண்டும். நன்றாகத்தானே இருக்கிறேன் என்று சில மாதத்தில் தானாக நிறுத்திவிட்டு, ஸ்டென்ட் முழுக்க அடைத்து ராத்திரியில் தூக்கிக்கொண்டு வந்தவர்களை நான் வார்டில் பார்த்திருக்கிறேன். எல்லாரையும் உயிரோடு வீட்டுக்குத் திருப்பி அனுப்ப எங்களால் முடியவில்லை.

அடைப்பு குழாயின் உள்ளே படிந்த அழுக்கு என்று நினைப்பதால்தான் எதையாவது குடித்துக் கரைக்கலாம் என்று தோன்றுகிறது. அது குழாயின் சுவருக்குள்ளே கொழுப்பும் சுண்ணாம்பும் சேர்ந்து வளர்ந்தது. வயிற்றுக்குள் போகும் இஞ்சிச் சாறு அதைக் கரைக்காது. பூண்டைக் குழம்பில் போட்டுச் சாப்பிடுங்கள், நல்லதுதான். மருதம்பட்டை குடிப்பதானால் டாக்டரிடம் சொல்லிவிட்டுக் குடியுங்கள், மாத்திரைக்குப் பதிலாகக் கிடையாது. கெட்ட கொழுப்பு 162 என்கிறீர்கள். உங்களுக்கு அது 70க்குக் கீழே வர வேண்டும், பல டாக்டர்கள் 55க்குக் கீழே கொண்டுவருகிறார்கள். அந்த வேலையை அட்டோர்வாஸ்டாட்டின்தான் செய்யும், சாப்பாடு துணை நிற்கும். சில வாரம் கழித்து மறுபடி ரத்தம் எடுத்துப் பாருங்கள்.

ஈரோட்டு சார், உங்கள் மாத்திரைப் பட்டியலைப் பார்த்ததும் சிலது சொல்லத் தோன்றியது. நடக்கும்போது மூச்சு வாங்குகிறது என்றீர்கள். டிகாகிரிலார் சிலருக்கு மூச்சு திணறுவது போன்ற உணர்வைக் கொடுக்கும், சும்மா உட்கார்ந்திருக்கும்போதுகூட வரும். இதயம் சரியில்லை என்று பயந்து நடையை விடாதீர்கள், மாத்திரையையும் விடாதீர்கள். டாக்டரிடம் சொல்லுங்கள், எது காரணம் என்று பார்த்து, தேவைப்பட்டால் வேறு மாற்றிக் கொடுப்பார். டிகாகிரிலார் 12 மணி நேரத்துக்கு ஒருமுறை போட வேண்டிய மாத்திரை. சந்தை ராத்திரியில் தவறிப்போவது அந்த இரவு வேளைதான். வீட்டு டப்பாவை நம்பாமல் கல்லாப்பெட்டியில் ஒரு அட்டையும் போனில் அலாரமும் வையுங்கள்.

மெட்டோப்ரோலால் சாப்பிடுவதால் நடந்தாலும் நாடித் துடிப்பு அவ்வளவாக ஏறாது. அதனால் வாட்ச்சில் துடிப்பைப் பார்த்து நடக்காதீர்கள். நடந்துகொண்டே ஒரு முழு வாக்கியம் பேச முடிகிறதா என்று பாருங்கள். பேச முடிகிறது, பாட முடியவில்லை என்றால் வேகம் சரி. பேச்சு உடைந்தால் மெதுவாக்குங்கள். மதுரை அய்யா ஆளோடு போகச் சொன்னது இதற்கும் உதவும். நெஞ்சில் அந்தப் பழைய அழுத்தம் வந்தால் மட்டும் நின்று உட்கார்ந்துவிடுங்கள். டாக்டர் நெஞ்சுவலிக்கான சார்பிட்ரேட் மாத்திரை கொடுத்திருந்தால் நாக்குக்கு அடியில் வையுங்கள், ஐந்து நிமிடத்தில் அடங்காவிட்டால் 108. ஆண்மைக் குறைவுக்கென்று விற்கும் மாத்திரை எதையும் டாக்டருக்குத் தெரியாமல் எடுக்காதீர்கள். சார்பிட்ரேட்டோடு சேர்ந்தால் ரத்த அழுத்தம் ஆபத்தாக இறங்கிவிடும். வெட்கப்பட்டு இதைக் கேட்காமலே போகிறவர்கள் நிறைய.

சேலம் அக்கா சொன்ன உப்புக் கணக்கு அருமை. அதோடு ஒரு எச்சரிக்கை. கடையில் "சோடியம் குறைந்த உப்பு" என்று ஒன்று கிடைக்கும், அதில் பொட்டாசியம் சேர்த்திருப்பார்கள். ராமிப்ரில் சாப்பிடுகிறவர்களுக்கு ரத்தத்தில் பொட்டாசியம் ஏறிவிடலாம். சாதாரண உப்பையே குறைத்துப் போடுங்கள். பேல் (துணிக்கட்டு) தூக்குகிற தொழில் என்பதால் முதுகுவலிக்கு மருந்துக்கடையில் டைக்ளோஃபினாக், இப்யூபுரூஃபன் வாங்கிப் போடும் பழக்கம் இருக்கலாம். இனி அது வேண்டவே வேண்டாம்.

சிகரெட்டைத் தொடாமல் இருப்பதுதான் நீங்கள் செய்திருப்பதிலேயே பெரிய காரியம். விட்ட ஒரு வருடத்திலேயே அதனால் கூடியிருந்த இதய ஆபத்து ஏறக்குறைய பாதியாகும். 2008 அக்டோபர் 2 முதல் பொது இடத்தில் புகைபிடிக்கவே தடை இருக்கிறது. கடையில் ஒரு போர்டு மாட்டுங்கள், பார்ட்டியிடம் நீங்கள் வாய்திறந்து சொல்ல வேண்டிய தர்மசங்கடம் இருக்காது.

ஈரோடு பெட்ஷீட் கடைக்காரர்:

எல்லாருக்கும் நன்றி. இதை மனைவியை உட்காரவைத்துப் படித்துக் காட்டினேன். சேலம் தங்கச்சி எழுதியதை இரண்டு தடவை படிக்கச் சொன்னாள். நேற்று ராத்திரி எல்லாருக்கும் ஒரே சாதம், ஒரே பச்சைப்புளி ரசம். சின்னவன் உப்பு பத்தவில்லை என்றான். அப்பளம் கிடையாது என்று அவளே சொல்லிவிட்டாள். பாட்டில்களைக் கொட்டிவிட்டோம், கொடுத்தவர்களிடம் சொல்லவில்லை.

மூச்சு விஷயத்தை நர்ஸ் அம்மா சொன்னதும் டாக்டருக்குப் போன் செய்தேன், வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார். போர்டு எழுதக் கொடுத்தாயிற்று. சந்தைக்கு அக்கா மகனை முழு ராத்திரிக்கு விடலாம் என்று பேசியிருக்கிறோம். பழைய பார்ட்டிகள் முகம் பார்த்துத்தான் வாங்குவார்கள் என்பதால் நான் பதினொரு மணி வரை கடையில் இருந்துவிட்டு வந்துவிடுகிறேன். கண் விழிப்பதே இல்லை என்று ஆக்க முடியாது, தீபாவளி, பொங்கல் சீசனில் என்ன செய்வது என்று இன்னும் தெரியவில்லை.

ஒரு சந்தேகம். பேல் தூக்கலாமா? ஆள் வராத நாளில் ஒன்றிரண்டு நானேதான் இறக்குவேன்.

கோவை ஸ்டாஃப் நர்ஸ் (இதயப் பிரிவு):

இப்போதைக்கு வேண்டாம் சார். கனமான சுமையை மூச்சைப் பிடித்துத் தூக்கும்போது ரத்த அழுத்தம் சட்டென்று ஏறும். வியாழக்கிழமை போகும்போது எக்கோ (இதய ஸ்கேன்) ரிப்போர்ட்டைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். அதில் இ.எஃப். என்று ஒரு சதவீதம் போட்டிருக்கும், இதயம் எவ்வளவு பலமாகச் சுருங்குகிறது என்பதற்கான அளவு. 55க்கு மேல் என்றால் நல்லது. அதையும் டிரெட்மில்லையும் பார்த்துத்தான் எத்தனை கிலோ வரை, எப்போதிலிருந்து என்று சொல்வார்கள். உங்கள் பேல் எத்தனை கிலோ இருக்கும் என்பதை நீங்களே சொல்லுங்கள், டாக்டர்கள் வீட்டுச் சாமான் என்று நினைத்துக்கொள்வார்கள்.

சேலம் தறிக்காரர் வீட்டம்மா:

அண்ணா, சீசனுக்கு இன்னும் நாள் இருக்கிறது. விழித்த ராத்திரிக்கு மறுநாள் மத்தியானம் கடையைப் பையனிடம் விட்டுவிட்டு வீட்டில் படுங்கள், கல்லாவில் உட்கார்ந்தே தூங்க வேண்டாம். எங்கள் வீட்டுக்காரர் அப்படித்தான் ஓட்டுகிறார். அண்ணியிடம் உப்பு ஜாடி எந்தத் தேதியில் காலியாகிறது என்று எழுதி வைக்கச் சொல்லுங்கள். கொள்ளு ரசத்துக்குப் பக்குவம் வேண்டுமானால் எழுதுகிறேன்.